கொலுவுக்கு உகந்தது எது?

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெரியோர் சிலர், குடும்பத்தோடு ‘ஆர்.வி.’ எனும் வீட்டுவண்டியில் மலையும் வனமும் கண்டு வருகின்றனர். உதிர்ந்த பைன் காய்களையும் வண்ணக் கற்களையும் கண்டதும் நவராத்திரிக் கொலுவின் மலைக்காட்சி நினைவுக்கு வருவது இயல்பே. ஆயின், அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் அவற்றை எடுத்துச் செல்லப் பொதுவாகத் தடை உண்டு.

அரிசோனாவின் கல்மரப் பூங்காவில், 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கிருந்து துண்டுகளைக் கொண்டுபோனோர் பலர், மனச்சான்று உறுத்த, மன்னிப்புக் கடிதத்துடன் திருப்பி அனுப்பியுள்ளனர். எடுத்த இடம் தெரியாமையால் அவை பழைய இடம் சேர்வதில்லை. தனியே குவிந்து கிடக்கின்றன.

பதஞ்சலி முனிவர் கூறிய ஐந்து யமங்களுள் கள்ளாமையும் ஒன்று. பிள்ளைகளின் வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த காயும் சருகுமே போதும். பேரக்குழந்தைகள் அவற்றைப் பொறுக்கித் தந்தால், அம்பிகையின் கொலு நிறைவுறும்.