அன்னை மாரியின் சந்நிதியில் வெள்ளமும் வெயிலும்



மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். கரும்பு நடவும் பால்மரம் வெட்டவும் செபராங் பிறைக் கரைக்கு வந்த நம் முன்னோர், தோட்டந்தோறும் அன்னைக்குக் கோயில் எழுப்பி, மழையை அளவோடு தரும்படியே வேண்டினர். பத்து காவானும் அவ்வாறான தோட்டப் பகுதியே. இன்று செம்பனை நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் இங்கேதான் வந்து இறங்குகிறது. ஆயினும் நிலம் என்னவோ அதே தாழ்ந்த கடலோர நிலந்தான்.

2017 நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில் பினாங்கு மாநிலத்தையே மூழ்கடித்த மழையை எவர் மறப்பார்? ஏழு உயிர்கள் பறிபோயின. எங்கள் ஆலய மண்டபத்தில் முழங்காலளவு நீர் நின்றது. உடனே செயலவை கூடி, உபயகாரர்களின் பொருளுதவியுடன் ஆலயத் தரையை இரண்டடி உயர்த்தத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை எழுதியவன் அடியேனே.

அடுத்த பெருமழையில் ஆலயத்தினுள் ஒரு துளி நீரும் புகவில்லை. நாங்களும் மகிழ்ந்தோம். மறுநாள் காலை, பின்வரிசையில் வாடகைக்குக் குடியிருக்கும் முன்னாள் தோட்டத் தொழிலாளியான ஒரு மூதாட்டி, நனைந்த மெத்தையை எங்கள் வேலியில் காயப்போட்டுவிட்டு வந்து நின்றார். "ஐயா, ஆத்தா வீட்டுத் தண்ணியை எங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே" என்றார். கூட்டக் குறிப்பில் அதற்கு என்ன பதில் எழுதுவது?

வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக நீராவியைச் சுமக்கும் என்பர் அறிவியலார். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. கடல் பெருகும் நேரத்தில் அம்மழை பெய்தால் கால்வாய் நீர் கடலுக்குள் இறங்காது. கடல் வற்றும் வரை அது எங்கேனும் தங்கியாக வேண்டும். நிபோங் திபால் பக்கத்து மலாய் மீனவப் பெரியவர் ஒருவர்தாம் இதனை எங்களுக்கு விளக்கினார். அப்பகுதியில் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் சதுப்புநில மரங்களை நட்டு வருகின்றனர். "உங்கள் கோயில் குளம் எங்கே?" என்று அவர் கேட்டபோது நாங்கள் தலைகுனிந்தோம். பல ஆண்டுகளுக்கு முன்பே அதனைத் தூர்த்து வாகன நிறுத்துமிடம் ஆக்கியிருந்தோம்.

கோபுர வண்ணப்பூச்சுக்கென ஒதுக்கிய தொகையைக் கொண்டு குளத்தை மீண்டும் தோண்டி, பின்வரிசை வீடுகளிலிருந்து அதற்குக் கால்வாயும் வெட்டினோம். காரை எங்கே நிறுத்துவது என்று சிலர் மனம் வருந்தினர். அவர்கள் காரில் வருவோர், நனைந்தவர்கள் காரில்லாதோர். எனவே செயலவை பின்வாங்கவில்லை. குளம் வெட்டிய பிறகு பின்வரிசையில் நீர் வாசற்படி வரை வந்ததுண்டு, வீட்டினுள் ஏறியதில்லை.

வெயிலும் அப்படியே. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெப்பத்தால் மூடினர். பத்து மணிக்குத் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் பால்குடம் ஏந்தி வரும் முதியோரின் பாதம் கொப்பளிப்பதைக் கண்டு, ஊர்வலத்தை விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினோம். அதிலும் பிழை நேர்ந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வெளிவரும் பெண்கள் ஓடோடி வந்தபோது அபிஷேகம் முடிந்திருந்தது. குடத்தைக் கையில் ஏந்தியபடியே அவர்கள் அழுதனர்.

இவ்வாண்டு இரண்டு ஊர்வலங்கள் நடைபெறும். முதலாவது 5.30-க்கும், இரண்டாவது 7.45-க்கும் புறப்படும், ஒன்பது மணிக்குள் அனைவரும் நிழலுக்குள் வந்துவிடலாம். வழியில் மூன்று இடங்களில் தண்ணீர்ப் பந்தல் உண்டு. இரவு வேலையில் உள்ளோர் பெயர் பதியும்போதே அதனைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். குளத்தின் கிழக்குப் படிக்கட்டு இன்னும் கட்டப்படவில்லை. குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள்.