வீட்டுத் தோட்டம்: ஐந்து பைகளில் தொடங்குவோம்



2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் மூலம் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. இப்படி விலை ஏறும் மாதங்களில் நம் வீடுகளில் அரிசி குறைவதில்லை. முதலில் குறைவது கீரையும் காயும்தான். அதனால் பாதிக்கப்படுவோர் வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கீரை நம் தட்டில் தவறாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சிறிய இடத்துத் தோட்டம் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை முழுவதையும் தீர்த்துவிடாது. ஆனால் பத்து நாளைக்கு ஒரு முறையேனும் கீரை, பிரியாணிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் புதினா, அன்றாடம் கிள்ளிக்கொள்ள நாலு மிளகாய், இவை வீட்டிலேயே கிடைக்கும். ஒரேயடியாக முப்பது தொட்டிகள் வாங்கி வைப்போர் பலர் இரண்டு மாதத்தில் சலித்துவிடுகிறார்கள். ஐந்து பைகளில் தொடங்குங்கள். அவை நிலைத்தபின் கூட்டிக்கொள்ளலாம்.

இடத்தைப் பாருங்கள்

காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று, நான்கு மணி நேரம் போதும். காலை, நண்பகல், அஸர் நேரம் என மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள ஒரு பை, ஈரமண்ணோடு ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். ஆகவே மொட்டை மாடியின் நடுவில் குவிக்காமல், சுவரோரமாகவோ உத்தரத்துக்கு மேலாகவோ வரிசையாக வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினால் தளத்தில் ஈரம் தங்காது. வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் தொட்டியின் அழுக்குநீர் பக்கத்து வீட்டுச் சுவரிலோ, அவர்கள் காயப்போட்ட துணியிலோ சொட்டக் கூடாது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணுவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

மண்கலவை

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் உப்பு இருக்கும். பையின் அடியில் துளைகள் அவசியம். தண்ணீர் வடியாத பையில் வேர் அழுகிவிடும். விலை கொடுத்துப் பை வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய அரிசிச் சாக்கு, உடைந்த வாளி, பெயின்ட் டப்பா எல்லாம் ஆகும். டப்பாவை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

எதை முதலில் போடுவது?

முதல் பையில் புதினா. கடையில் வாங்கிய கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு, முற்றிய தண்டை ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அடுத்த இரண்டு பைகளில் சிறுகீரையோ தண்டுக்கீரையோ. இரண்டிலும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விடுங்கள். 25 முதல் 30 நாட்களில் பறிக்கலாம். நான்காவதில் மிளகாய் நாற்று ஒன்று, ஐந்தாவதில் கத்தரி நாற்று ஒன்று. கத்தரி நட்டு இரண்டு மாதம் சென்றபின் காய்க்கத் தொடங்கும். ஆடிப் பட்டம் வரும்போது வெண்டை, அவரை, பாகல் என்று விரிவாக்கலாம். வெண்டை 45 நாட்களில் காய்க்கும்.

பழம் வேண்டுவோர் பாதியாக அறுத்த பீப்பாயில் எலுமிச்சை, மாதுளை, கொய்யா அல்லது அத்தி வைக்கலாம். விதையிலிருந்து முளைத்த கன்று காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பதால் ஒட்டுக்கன்றோ பதியன் கன்றோ கேட்டு வாங்குங்கள். கொல்லையில் மண்தரை இருந்தால் ஒரு முருங்கை, ஒரு வாழை, ஒரு பப்பாளி போதும். கடலோரத்தில் உப்புத்தண்ணீர் உள்ள இடங்களில் சப்போட்டா தாக்குப்பிடிக்கும்; எலுமிச்சையும் பீன்ஸும் கஷ்டப்படும்.

தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். அது ஒரு லிட்டருக்கும் குறைவான அளவு. நம் குழாயில் ஒவ்வொரு ஒளுவுக்கும் பல லிட்டர் ஓடிவிடுகிறது. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தால், ஐந்து வேளையில் சேரும் தண்ணீர் ஐந்து பைகளுக்கும் போதும். அந்தத் தண்ணீர் மறுபடி ஒளுவுக்கு ஆகாதே தவிர, சுத்தமானதே. செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். அரிசி கழுவிய நீரும், மீன் கழுவிய நீரும் நல்லவை. உப்புப் போட்டுக் கழுவிய நீரையும் சோப்புத் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். காலையில் ஃபஜ்ருக்குப் பின் ஊற்றுவது சிறந்தது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும், தேங்கவிடாமல் கொட்டிவிடுங்கள்.

காவல்

அசுவினி, மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும். கத்திரி வெயில் நாட்களில் நிழல்வலை கட்டுங்கள். இல்லாதவர்கள் பழைய வெள்ளைத் துணியைக் கட்டலாம். பூனைகள் புது மண்ணைக் கண்டால் தோண்டும். அவற்றை விரட்டி அடிக்காமல், விதைத்த பையின் மேல் பழைய மீன்வலைத் துண்டைப் போட்டு மூடினால் போதும்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்பது நபிமொழியின் கருத்து. எனவே நமக்கு மிஞ்சியது போக, அணிலும் குருவியும் கொத்தியதும் வீணல்ல.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பையைப் பொறுப்பாகக் கொடுங்கள். உங்கள் செடியில் முற்றிய விதையோ, மிகுந்த நாற்றோ இருந்தால் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் தாருங்கள். புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்