நகரத் திடக்கழிவிலிருந்து ஆற்றல்: திட்டமிடல்

நகரத் திடக்கழிவிலிருந்து ஆற்றல் பெறுதல் என்பது வீடு, கடை, சந்தை, உணவகம் ஆகியவற்றில் சேரும் குப்பையை எரித்தோ, காற்றில்லாச் சூழலில் நொதிக்கவைத்தோ மின்சாரம், வெப்பம், எரிவாயு ஆகியவற்றைப் பெறும் முறையாகும். உள்ளாட்சி அமைப்புகள் இதைத் திட்டமிடும்போது, எத்தனை டன் குப்பைக்கு எத்தனை மெகாவாட் கிடைக்கும் என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, அந்த ஊர்க் குப்பையில் என்ன இருக்கிறது என்பதாகும்.

திமார்ப்பூர் அனுபவம்

இந்தியாவின் முதல் பெரிய குப்பை மின் நிலையம் 1987 ஆம் ஆண்டு தில்லியின் திமார்ப்பூரில் டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்துடன் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் பெறுவது நோக்கம். ஒரு கிலோ குப்பை ஏறத்தாழ 1,460 கிலோகலோரி வெப்பம் தரும் என்ற கணக்கில் உலை வடிவமைக்கப்பட்டது. வந்து சேர்ந்த குப்பையோ 600 முதல் 700 கிலோகலோரி மட்டுமே தந்தது. சில வாரச் சோதனை ஓட்டத்துடன் நின்றுபோன ஆலை, 1990 இல் மூடப்பட்டது.

இயந்திரத்தில் குறையில்லை, அதற்கு ஊட்டப்பட்ட பொருள் வேறு. ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் நெகிழியும் அட்டையும் மிகுதி. தில்லியில் அவற்றைப் பழைய காகிதக்காரரும் குப்பை பொறுக்குவோரும் முன்பே எடுத்துவிடுவர். எஞ்சுவது காய்கறித் தோல், மீந்த உணவு, தெருக்கூட்டும்போது சேரும் மண், சாம்பல் ஆகியவையே.

ஈரமும் வெப்பமும்

ஈர விறகில் அடுப்பு மூட்டியவர்களுக்கு இதன் அறிவியல் எளிதில் விளங்கும். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 615 கிலோகலோரி வேண்டும். குப்பையில் பாதி நீர் என்றால், ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 300 கிலோகலோரி அந்த நீரை விரட்டவே செலவாகிவிடும். துணை எரிபொருள் இன்றிக் குப்பை தானாக எரிய, ஈரம் 50 விழுக்காட்டுக்கும் சாம்பல் 60 விழுக்காட்டுக்கும் கீழேயும், எரியக்கூடிய பகுதி 25 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கவேண்டும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது அளவு.

100 டன் குப்பை சேரும் ஒரு நகரைக் கொள்வோம். கிலோவுக்கு 1,500 கிலோகலோரி என்றால் மொத்தம் 15 கோடி கிலோகலோரி. 860 கிலோகலோரி ஒரு யூனிட்டுக்குச் சமம், எனவே 1.74 இலட்சம் யூனிட் வெப்பம். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினால் சுமார் 35,000 யூனிட், அதாவது ஏறத்தாழ 1.4 மெகாவாட். அதிலிருந்தே ஆலையின் சொந்தத் தேவையையும் கழிக்கவேண்டும். குப்பை 700 கிலோகலோரி மட்டுமே தருமானால் இந்தக் கணக்கைத் தொடங்கவே வேண்டியதில்லை, நெருப்பே நிலைக்காது. மட்காத, மறுசுழற்சிக்கும் ஆகாத குப்பையில் 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் உள்ளதை ஆற்றலுக்குப் பயன்படுத்தவேண்டும் என்று இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின.

மாதிரி எடுத்தல்

ஒரு நாள் எடுத்த மாதிரியை நம்பக்கூடாது. மழைக்காலக் குப்பையும் கோடைக் குப்பையும் ஒன்றல்ல. பொங்கலை ஒட்டிய நாட்களில் கரும்புச் சக்கையும் வாழையிலையும் குவியும். ஆகவே ஓராண்டு முழுவதும், சந்தை, குடியிருப்பு, கடைத்தெரு எனத் தனித்தனியாக மாதிரி எடுக்கவேண்டும். குவியலை நன்கு கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து பகுப்பது வழக்கமான முறை. ஆலைக்குச் செல்லும் நிலையில் உள்ள குப்பையையே எடுக்கவேண்டும். வீட்டு வாசலில் எடுத்த மாதிரியில் இருக்கும் அட்டைப்பெட்டி, ஆலை வாசலுக்கு வருவதற்குள் பழைய பொருள் கடைக்குப் போயிருக்கும்.

தொழில்நுட்பத் தேர்வு

ஈரமான மட்கும் குப்பைக்கு ஏற்றது நொதிகலன். உலைக்குப் பகையான ஈரம் நுண்ணுயிர்களுக்கு நட்பு. இதில் கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சும் சக்கை உரமாகும். ஆனால் கண்ணாடி, மணல், நெகிழிப் பை கலந்தால் கலன் அடைத்துக்கொள்ளும். 2003 இல் லக்னோவில் தொடங்கிய 5 மெகாவாட் உயிர்வாயு ஆலை, தரம் பிரிக்காத குப்பை வந்ததால் நின்றது. 2022 பிப்ரவரியில் இந்தூரில் திறக்கப்பட்ட ஆலையோ நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. அழுத்தப்பட்ட எரிவாயுவை அது தருகிறது. அந்நகரில் ஆலைக்குப் பல ஆண்டுகள் முன்பே வீடுதோறும் பிரித்து வாங்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது.

எரிவுலைக்கு உரியது மறுசுழற்சிக்கு ஆகாத உலர் குப்பை. இலங்கையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகள் மீது விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் கொழும்பு நகரக் குப்பைக்காகக் கெரவலப்பிட்டியில் கட்டப்பட்ட 10 மெகாவாட் எரிவுலை 2021 பெப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. இட நெருக்கடி உள்ள நகரங்களுக்கு எரிவுலையின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே; குப்பையின் கன அளவை அது ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்கிறது.

ஒப்பந்தமும் சாம்பலும்

இத்தகைய ஆலைகளுக்கு 20, 25 ஆண்டு ஒப்பந்தங்கள் வழக்கம். குறிப்பிட்ட டன் குப்பை தராவிட்டால் நகராட்சி இழப்பீடு தரவேண்டும் என்ற நிபந்தனை சிலவற்றில் உண்டு. அப்படிக் கையெழுத்திட்ட நகரத்துக்குக் குப்பையைக் குறைப்பதே நட்டமாகிவிடும். காகிதமும் நெகிழியும் உலைக்குப் போனால் அவற்றை விற்றுப் பிழைப்போரின் வருமானமும் போகும். எனவே மறுசுழற்சி வளர்ந்தபின் எஞ்சக்கூடிய அளவுக்கே ஆலையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது நல்லது.

டையாக்சின் போன்ற நச்சுகளைக் கட்டுப்படுத்த, புகை குறைந்தது 850 பாகை செல்சியசில் இரண்டு விநாடி இருக்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஈரக்குப்பை அந்த வெப்பநிலையைக் கீழே இழுக்கும். புகையைத் தூய்மைப்படுத்தும் அமைப்பு ஆலைச் செலவில் பெரும்பங்கு பிடிக்கும். சிக்கனத்துக்காக முதலில் கைவைக்கப்படும் இடமும் அதுவாக இருப்பதுண்டு. எரித்தபின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அடிச்சாம்பலாக மிஞ்சும். அதில் உலோகத்தைப் பிரித்தபின் சாலைப்பணிக்குப் பயன்படுத்தும் நாடுகள் உள்ளன. வடிகட்டியில் சேரும் பறக்கும் சாம்பலில் கன உலோகங்கள் இருப்பதால், அதற்குப் பாதுகாப்பான தனி நிலநிரப்பிடம் வேண்டும். ஆலைக்கு இடம் தேடும்போதே அதற்கும் இடம் ஒதுக்கவேண்டியிருக்கிறது.