ஆலமர் செல்வனுக்கு அளித்த கலிங்கம்

தருமபுரி மாவட்டம், அரூரை அடுத்த தீர்த்தமலையில் வடிவாம்பிகையுடன் எழுந்தருளி அருள்பாலிக்கிறார் தீர்த்தகிரீசுவரர். சிவபூசைக்கு நீர் வேண்டி இராமபிரான் அம்பெய்து வருவித்ததாகத் தலபுராணம் போற்றும் இராம தீர்த்தத்தில் நீராடி, இறைவனுக்குப் புதிய வஸ்திரம் சமர்ப்பித்து வணங்கும் அன்பர்கள் பலர். அந்த வஸ்திரத்துக்குச் சங்ககாலத் தமிழர் வழங்கிய அழகிய பெயர் ஒன்று உண்டு. அதுவே ‘கலிங்கம்’.

தறியினின்று அறுத்தெடுப்பதால் ‘அறுவை’ என்றும், துணிப்பதால் ‘துணி’ என்றும் ஆடைக்குப் பெயர்கள் அமைந்தன. கலிங்கம் என்பதோ இடத்தால் வந்த பெயர். இன்றைய ஒடிசாவையும் வட ஆந்திரக் கடற்கரையையும் தழுவிய கலிங்க நாட்டில் நெய்யப்பெற்ற நுண்ணிய ஆடை, அந்நாட்டின் பெயரையே பெற்றது என்பர் அறிஞர். நாளடைவில், எங்கு நெய்யப்பெற்றதாயினும் மெல்லிய நல்லாடை கலிங்கம் எனப்பட்டது. இலக்கணத்தில் இதனை இடவாகுபெயர் என்பர். குழிப்பாடி என்னும் ஊரில் நெய்த ஆடையைக் ‘குழிப்பாடி’ என்றே தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மோசூல் நகரின் பெயரால் மஸ்லினும், கோழிக்கோட்டின் பெயரால் காலிகோவும் வழங்கலானதும் இவ்வகையே.

இச்சொல்லுக்குத் தெய்விகப் பெருமை சேர்த்தவர் கடையெழு வள்ளல்களுள் ஒருவரான ஆய். நாகம் தனக்கு நல்கிய கிடைத்தற்கரிய கலிங்கத்தைத் தாம் உடுத்தாமல், ஆலமரத்தடியில் அமர்ந்த சிவபெருமானுக்கு அவர் மனமுவந்து சாத்தினார் என்று நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. ஆயைப் போற்றும் அதே பகுதியில், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானையும் அந்நூல் போற்றுகிறது.

அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அவன் மகன் பொகுட்டெழினியின் வாயிலில் ஔவையார் கிணைப்பறை கொட்டி நின்றபோது, பாசியின் வேர்போல் நைந்து கிழிந்திருந்த அவரது கந்தையை நீக்கி, நுண்ணிய நூலால் நெய்த கலிங்கத்தை உடுத்தச் செய்து உணவளித்தான் அம்மன்னன். இதனைப் புறநானூற்றின் 392-ஆம் பாடல் தெரிவிக்கிறது.

ஆலமர் செல்வனின் திருமேனியை அலங்கரித்ததும் கலிங்கமே; கந்தையுடன் வந்து நின்ற புலவரின் மானம் காத்ததும் கலிங்கமே. இறைவனுக்கு ஓர் ஆடை, எளியவருக்கு வேறோர் ஆடை என்று அன்றைய தமிழ் பிரித்துப் பேசவில்லை. சிவனடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்தளித்தே முத்தி பெற்ற நேச நாயனாரின் வரலாறு உணர்த்தும் உண்மையும் இதுவன்றோ!

கலிங்கம் என்னும் சொல் இன்று பேச்சு வழக்கில் இல்லை. அது சுட்டிய அறமும் உடன் மறைந்துவிடலாகாது. மலைமேல் உறையும் மகேசனுக்கு வஸ்திரம் எடுக்கும் நாளில், ஆடையின்றி வாடும் ஓர் எளியவருக்கும் ஒரு புத்தாடை எடுப்போம். இரண்டையும் தீர்த்தகிரீசுவரர் உவந்து ஏற்றருள்வார்.