கிராமத்து அஞ்சலகத்தை யார் சுமக்கிறார்கள்?

காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பெறவேண்டியவர் வாங்க மாட்டேன் என்கிறார். தபால்காரர் உறையின் மேல் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புகிறார். அந்த ஒற்றை வரிக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு உண்டு. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் சட்டம், 27-வது பிரிவு. சேரவில்லை என்று நிரூபிப்பது பெறுநரின் பாடு. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்ட பிறகும் தபால்காரர் எழுதும் குறிப்புக்கு இருக்கும் எடை குறையவில்லை.

கிராமங்களில் அந்த வரியை எழுதுபவர் பெரும்பாலும் முழுநேர அரசு ஊழியர் அல்ல, ‘ஜி.டி.எஸ்.’ எனப்படும் கிராம அஞ்சல் ஊழியர். நாட்டில் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமங்களில். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அவற்றை நடத்துவோர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜி.டி.எஸ். ஊழியர்கள். துறையின் நிரந்தர ஊழியர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

கிளை அஞ்சலகத்துக்குத் துறை கட்டடம் கட்டித் தருவதில்லை. இடம் தேடித் தரவேண்டியவர் கிளை அஞ்சல் அதிகாரியான பி.பி.எம்.தான். அதனால் பல ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் தபாலாபீஸ். காலையில் பஸ்ஸில் வரும் பையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார், பிரிப்பார், தபால்களில் தேதி முத்திரை குத்துவார். செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டுபவர், கைரேகை வைத்து முதியோர் பணம் எடுப்பவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். மாலையில் கணக்கெழுதிப் பையைக் கட்டித் திருப்பி அனுப்பவேண்டும். இத்தனைக்கும் கணக்கிடப்படும் வேலை நேரம் நான்கு அல்லது ஐந்து மணி. பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்கவேண்டும் என்பது நியமனத்தின் நிபந்தனைகளில் ஒன்று.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் செலவு. 1876 முதல் இந்தியா உறுப்பினராக உள்ள உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஒப்பந்தப்படி, நாட்டின் எல்லா இடங்களிலும் கட்டுப்படியாகும் விலையில் அஞ்சல் சேவை தரும் கடமை அரசுக்கு உண்டு. சாதாரண கிராமத்தில் புதிய அஞ்சலகம் திறக்க, செலவில் மூன்றில் ஒரு பங்கு வருவாய் வந்தால் போதும். மலை, பழங்குடிப் பகுதிகளில் 15 சதவீதம் போதும். நஷ்டம் என்று தெரிந்தே திறக்கிறார்கள். நல்ல கொள்கைதான். ஆனால் நஷ்டத்தின் ஒரு பங்கை அந்த ஊழியரின் வீடும் வயிறும் ஏற்கின்றன.

சட்டம் துறைக்குக் காட்டும் சலுகையையும் பாருங்கள். 1898-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டம் 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கு வந்தது. கடிதங்களைக் கொண்டுசெல்லும் ஏகபோக உரிமை அதில் இல்லை. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் மிஞ்சியது. பொறுப்பு விலக்கோ அப்படியே தொடர்கிறது: விதிகளில் சொன்ன அளவைத் தாண்டித் துறை எந்த இழப்புக்கும் பொறுப்பேற்காது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் நெடுங்காலமாக இருந்துவந்த இழப்பீடு. தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காகத் தபாலை இடைமறித்துப் பார்க்கும் அதிகாரமும் நீடிக்கிறது. 1986-ல் அந்த அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் தராமலே வைத்திருந்தார்.

ஊழியருக்குச் சட்டம் கைகொடுத்தது 1977-ல். கேரளத்திலிருந்து வந்த ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசின் ‘சிவில் பதவி’தான், உரிய விசாரணையின்றி நீக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்குப் பாதுகாப்பு வந்தது; வருமானம் அதோடு உயரவில்லை. இவர்களின் ஊதியத்தை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழு 2016-ல் தந்த அறிக்கை கிடப்பில் கிடக்க, 2018 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜூன் 6-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பி.பி.எம்.முக்குத் தொடக்கத் தொகை நான்கு மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், ஐந்து மணிக்கு 14,500, அதன்மேல் அகவிலைப்படி. 65 வயதில் ஓய்வு பெறுகிறபோது பணிக்கொடை உண்டு, சிறு சேமநிதி உண்டு. நிரந்தர ஊழியருக்குள்ள ஓய்வூதியம் கிடையாது. எட்டு மணி நேர வேலையும் ஓய்வூதியமும் கேட்டு இவர்களின் சங்கங்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கின்றன.