சுற்றாடலை நேசிக்கும் பிள்ளைகள்: வீட்டிலிருந்தே தொடங்குவோம்



ஜூன் மாதம் 5ஆம் திகதி வந்துவிட்டால் நமது பாடசாலைகளில் உலக சுற்றாடல் தினம் கொண்டாடப்படுகிறது. பிள்ளைகள் சித்திரம் வரைகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், பேச்சுப் போட்டியில் பரிசும் பெறுகிறார்கள். அந்தப் பரிசைக் கையில் பிடித்தபடி வீடு திரும்பும் பிள்ளை, வழியில் தின்ற டொபியின் உறையைக் கானுக்குள் போட்டுவிட்டு வருகிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? சுற்றாடல் என்பது பாடசாலையில் படிக்கும் ஒரு பாடம் என்றுதான் அதற்குத் தெரியும். அது வீட்டில் பழகும் பழக்கம் என்று யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த உறை எங்கே போகிறது? கம்பளையில் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தூரம் போக வேண்டியதில்லை. கான் ஓடையில் சேர்கிறது. ஓடை மகாவலி கங்கையில் சேர்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறு அது. 335 கிலோமீற்றர் ஓடுகிறது. நாவலப்பிட்டியிலிருந்து வந்து, நமது ஊரைத் தொட்டு, பேராதனைப் பூங்காவை வளைத்துக் கொண்டு, கண்டியைக் கடந்து, கடைசியில் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கண்டிப் பகுதி மக்களின் குடிநீருக்கும் இந்த ஆற்றையே நம்பியிருக்கிறோம். ஆகவே நமது வாசலில் போட்ட குப்பை, கீழே வாழும் யாரோ ஒரு சகோதரியின் தண்ணீரைத்தான் கெடுக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி கொண்டு வந்த மழையை நாம் மறக்க முடியாது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அந்தப் பெருமழைக்கு டொபி உறை காரணம் அல்ல. ஆயினும் அடைபட்ட கான், சாதாரண மழையையே வீட்டுக்குள் கொண்டு வந்து விடும். அந்த நாட்களைக் கண்ட நமது பிள்ளைகளின் மனதில் மழையும் ஆறும் மலையும் பற்றிய பயம் மட்டும் தங்கிவிடக் கூடாது. அவற்றை அறிந்து, மதித்து வாழும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டும்.

தரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்படுவது மனிதரின் கைகள் செய்தவற்றால்தான் என்று ஸூரத்துர் ரூம் நமக்கு உணர்த்துகிறது. கைகள் கெடுத்ததைக் கைகள்தான் சீர்செய்ய வேண்டும். பிஞ்சுக் கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு நீண்ட உபதேசம் சலித்துவிடும். ஒரு பொறுப்பைக் கொடுத்து, அதை விளையாட்டாகவும் ஆக்கிவிட்டால் சொல்லாமலேயே செய்வார்கள். ஜப்பானில் பாடசாலைப் பிள்ளைகள் தமது வகுப்பறையைத் தாமே கூட்டித் துடைக்கிறார்கள். தான் துடைத்த தரையில் குப்பை போட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது அல்லவா? காசு செலவில்லாத ஆறு விளையாட்டுக்களை இங்கே தருகிறேன்.

1. ஒரு ‘முத்து’ தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்வார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான தண்ணீரில் குளிப்பார்கள் என அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. ஷாபிஈ மத்ஹபின் கணக்குப்படி அது முக்கால் லீற்றருக்கும் குறைவு.

பிள்ளை வுழூச் செய்யும்போது பைப்பின் கீழே ஒரு பேசினை வையுங்கள். முடிந்ததும் சேர்ந்த தண்ணீரை ஒரு லீற்றர் போத்தலால் அளந்து, கலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மத்ரஸாவில் இதைச் செய்து பார்த்தோம். வீட்டில் தண்ணீரை வீணாக்குவதே இல்லை என்று சொன்ன பிள்ளைகளின் பேசின்கள் நிரம்பி வழிந்தன. அடுத்த வாரம் அவர்களே பைப்பை விட்டுவிட்டு ஜக்கில் தண்ணீர் எடுத்து வந்தார்கள்.

ஒரு நிபந்தனை வையுங்கள்: குதிகால் நனையாமல் விட்டவர் போட்டியிலிருந்து விலக வேண்டும்! தண்ணீரும் மிச்சமாக வேண்டும். வுழூவும் நிறைவாக வேண்டும். பேசினில் சேர்ந்த தண்ணீர் பூச்சட்டிகளுக்குப் போகட்டும்.

2. மழையை அளப்போம்

நேரான பக்கங்களுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை நீங்களே வெட்டிக் கொடுங்கள். வெட்டிய துண்டைத் தலைகீழாகப் புனல் போல் அதன் வாயில் வையுங்கள். அடியில் சில கூழாங்கற்களைப் போட்டு, சமமான மட்டம் வரும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே ஓர் அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். கூரையோ மரமோ மறைக்காத இடத்தில், சாயாதபடி வையுங்கள். தினமும் ஸுப்ஹுக்குப் பின் பிள்ளை அதைப் பார்த்து, மில்லிமீற்றரில் எழுதிவிட்டு, தண்ணீரை மீண்டும் கோட்டு மட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

நம்மைப் போன்ற மலைநாட்டுக் குடும்பங்களுக்கு இதில் பெரும் பயன் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் சரிவுப் பகுதி மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றி வரும் அளவுகோல். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவையும் மண்சரிவின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் பெரியவர்களிடம் ஓடி வந்து சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். வீட்டு மழைமானி பிள்ளையின் கண்ணைத் திறப்பதற்கானது. அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் போத்தலைப் பார்த்துக் கொண்டு நிற்காமல் உடனே வெளியேற வேண்டும்.

3. வியாழன் வேட்டை

2017இல் நமது நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். ஆகவே வாரம் ஒரு முறை தேடி அழித்தால் நாம் முந்திக் கொள்ளலாம்.

வியாழக்கிழமை அஸருக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், பூச்சட்டியின் கீழ்த்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு என்று தேங்கிய தண்ணீரைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி. நெளியும் குடம்பியைக் கண்டால் ஐந்து புள்ளி! தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும். பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏனெனில் அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். கூரைப் பீலியைப் பெரியவர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். தண்ணீர்ப் பீப்பாவை மூடும் பொறுப்பை வீட்டிலுள்ள மிகச் சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள். அது எத்தனை பெருமையோடு அதைச் செய்கிறது என்று பாருங்கள்!

4. புதைத்துப் பார்ப்போம்

இரண்டு பழைய சட்டிகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் வாழைப்பழத் தோலும் மரக்கறிக் கழிவும், மற்றதில் பொலித்தீன் துண்டும் டொபி உறையும் புதைக்கச் சொல்லுங்கள். வாரம் இரு முறை சிறிது தண்ணீர் தெளிக்கட்டும். ஒரு மாதத்தின் பின் இரண்டையும் கிளறிப் பார்க்க வேண்டும். தோல் மண்ணோடு மண்ணாகிக் கொண்டிருக்கும். உறை போட்டபடியே, எழுத்துக்கூட அழியாமல் கிடக்கும். இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இதன் தொடர்ச்சியாக வீட்டில் கூட்டெருவும் தயாரிக்கலாம். அடியில் துளையிட்ட வாளி ஒன்றில் ஒரு பங்கு சமையலறைக் கழிவும் இரண்டு பங்கு காய்ந்த இலையும் மாறி மாறிப் போட்டு, இடைக்கிடை கிளறி வந்தால் சில மாதங்களில் நல்ல பசளை கிடைக்கும். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சோறு ஆகியவற்றைப் போட வேண்டாம். எலியும் நாயும் வரும்.

உக்காத பொலித்தீனை அடுப்பில் போட்டு எரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் புகை நஞ்சு; அதை முதலில் சுவாசிப்பது சமையலறையில் நிற்கும் நீங்களும் உங்கள் மடியிலுள்ள குழந்தையும்தான்.

5. கஞ்சிக்கு ஒரு பாத்திரம்

ரமழானில் அஸருக்குப் பின் பள்ளிவாசலுக்குக் கஞ்சி எடுக்க ஓடுவதில் பிள்ளைகளுக்கு எத்தனை ஆனந்தம்! சூடான கஞ்சியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு வரும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். முப்பது நாட்களில் ஒரு வீட்டுக்கு முப்பது பைகள். மூடியுள்ள பாத்திரம் ஒன்றைக் கஞ்சிக்கென்றே ஒதுக்குங்கள். பிள்ளை தன் பெயரை அதில் எழுதி, பூவோ பிறையோ வரைந்து கொள்ளட்டும். தன் பாத்திரத்தை எந்தப் பிள்ளையும் மறந்து போகாது. கடைக்குப் போகும் துணிப்பையையும் பழைய துணியில் தைத்து அவ்வாறே அழகுபடுத்தலாம். பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுங்கள்.

அரசாங்கமும் சட்டங்கள் கொண்டு வந்துள்ளது. 2017 செப்டம்பரில் லஞ்ச் ஷீட் தடை செய்யப்பட்டது. 2023 அக்டோபரில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, பீங்கான், கரண்டி போன்றவை தடை செய்யப்பட்டன. 2025 நவம்பர் முதல் கடைகளில் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கவும் முடியாது. சட்டம் கடைக்காரரைத்தான் தடுக்கும். பிள்ளையின் கையில் துணிப்பையைக் கொடுத்து அனுப்புவது உம்மாவின் வேலை.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் குப்பை மேட்டுக்கு வரும் யானைகள், சாப்பாட்டு வாசனையுள்ள பொலித்தீனை விழுங்கிச் செத்துப் போகின்றன. எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் அங்கே இறந்ததாக 2022இல் செய்திகள் வெளிவந்தன. இதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பூனையைக் கட்டிப் போட்டு, உணவு கொடுக்காமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸைக் கேட்டுக் கண் கலங்கும் பிஞ்சு உள்ளம், யானையின் வயிற்றிலுள்ள பையைப் பற்றியும் யோசிக்கும்.

6. சாப்பிட்ட விதை, நட்ட மரம்

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ மிருகமோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். இவ்விரண்டையும் கதையாகச் சொல்லிவிட்டு, பிள்ளை அன்று சாப்பிட்ட பப்பாசியின் விதையை அதன் கையாலேயே நடச் செய்யுங்கள். நிலம் இல்லாத வீடா? பழைய வாளியில் கொச்சிக்காயும் தக்காளியும் வளரும். ஒவ்வொரு கன்றுக்கும் பிள்ளை ஒரு பெயர் வைக்கட்டும். முதலில் பழுத்த காயில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்; அந்த வீட்டார் எந்த இனத்தவராக இருந்தாலும் சரி. கன்றுக்கு அருகே பறவைகளுக்காகச் சிரட்டையில் தண்ணீர் வைக்கலாம். தினமும் மாற்ற மறந்தால் வியாழன் வேட்டையில் புள்ளி குறையும்!

உம்மாக்கள் கவனத்துக்கு

முதலாவது, ஆறையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றை எடுத்து, நாற்பது நாட்கள் விடாமல் செய்யுங்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லவா?

இரண்டாவது, மறந்த பிள்ளையை ஏசாதீர்கள். செய்த பிள்ளையை வாப்பா வந்ததும் அவர் முன்னால் பாராட்டுங்கள். உம்மும்மாவையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கொட்டைப்பெட்டியும் பன்பையும் வாழையிலையும் பாவித்த காலம் அவருக்கு நினைவிருக்கும். அதைவிடச் சுவையான பாடம் வேறில்லை.

மூன்றாவது, பிள்ளையின் பாடசாலையில் சுற்றாடல் முன்னோடிப் படையணி இயங்கினால் சேர்த்து விடுங்கள். வீட்டில் பழகியதை அங்கே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வார்கள்.

நான்காவதுதான் கடினமானது. பஸ் யன்னலால் நாம் வெற்றுப் போத்தலை எறியும் அந்த ஒரு கணம், பிள்ளை ஆறு மாதம் பழகியதை அழித்துவிடும். பிள்ளைகள் நம் வாயைப் பார்ப்பதை விட நம் கையைத்தான் பார்க்கிறார்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உங்கள் வாசலிலுள்ள கானில் இருந்து ஒரு டொபி உறையை எடுக்கும் சின்னக் கை, அந்தக் கிளையைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. இன்று வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் ஒரு பேசினைக் கொடுத்து, அஸருக்கு வுழூச் செய்யும் தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள். நமது பிள்ளைகளைப் பூமியின் அமானிதத்தைப் பேணும் ஸாலிஹான பிள்ளைகளாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.