அந்துப்பூச்சி வழி தேடும் வகை

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் செல்லும் சாலையில், கரும்பு வெட்டும் பருவத்து மாலைப்பொழுதில் நடந்து சென்றோர் ஒன்றை உணர்ந்திருப்பர். எங்கோ ஓர் ஆலைக்கொட்டகையில் வெல்லப்பாகு காய்ச்சுகின்றனர். அதன் மணம் நம்மை வந்து எட்டுகின்றது, பத்தடி நடப்பதற்குள் மறைகின்றது, மீண்டும் வருகின்றது. கல்வராயன் மலைப்புறத்திலிருந்து இறங்கும் காற்று அம்மணத்தை ஒரே சீராய்க் கொணர்வதில்லை. பிய்த்துப் பிய்த்து எறிகின்றது. மூக்கொன்றையே துணையாகக் கொண்டு அக்கொட்டகையைக் கண்டுபிடிக்கப் புகுந்தால் நாம் தோற்றே போவோம். அம்முயற்சியில் இரவுதோறும் வெற்றி பெறுகின்ற ஒரு சிற்றுயிரைக் குறித்தே இங்குச் சில கூறப் புகுந்தோம்.

தமிழ் பயிலும் யாம் உயிர்நூற் பொருளில் தலையிடுவதைக் கண்டு விலங்கியல் வகுப்பு நண்பர்கள் நகைப்பர். வண்டை அழைத்துக் கூந்தலின் மணத்தை வினவிய பழம்பாட்டைப் பாடங்கேட்ட எமக்குப் பூச்சியும் மணமும் முற்றும் அயலல்ல. எனினும், இவ்வியாசம் எழுந்த காரணம் பாட்டன்று; எம் தாய்மாமனது நெல்வயல்.

அவ்வயல் கோமுகி ஆற்றுப் பாய்ச்சலில் மலையடிவாரத்தை அடுத்துள்ளது. சென்ற சம்பாப் பயிரின்போது, காலாண்டு விடுமுறைக்குச் சென்றிருந்த யாம், குருத்துப்பூச்சிக்கென விற்கப்படும் இனக்கவர்ச்சிப் பொறிகள் சிலவற்றை வாங்கி வயலில் நட்டோம். புனல் வடிவான ஒரு மூடி, அதன் நடுவே ஒரு சிறு ரப்பர்க் குப்பி, கீழே நீண்ட பாலிதீன் பை; இவ்வளவே பொறி. பெண் அந்துப்பூச்சி தன் உடலினின்று விடும் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து குப்பியில் ஊட்டியிருப்பர். ஆண் பூச்சிகள் அதனைப் பெண்ணெனக் கருதி வந்து பையில் வீழும். பையில் விழுவனவற்றை எண்ணிப் பார்த்தால் வயலில் பூச்சி மிகுந்ததா குறைந்ததா என்று அறியலாம். வீணாய் நஞ்சு தெளிக்க வேண்டுவதில்லை. இவ்வளவும் மாமனுக்கு விளக்கிவிட்டுப் பெருமிதத்துடன் கல்லூரிக்குத் திரும்பினோம். வாரந்தோறும் அவர் பையைப் பார்த்தார். குறித்த நாளில் குப்பியையும் மாற்றினார். தொடக்கத்தில் விழுந்த பூச்சி பின்னர் விழவேயில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்றபோது வயலின் ஒரு பக்கம் வெண்கதிராய் நின்றது. கதிரைப் பற்றி இழுத்தால் கையோடு வந்தது, உள்ளே மணியில்லை. பொறிகளைத் தேட வேண்டியதாயிற்று, பயிர் அவற்றுக்கு மேல் வளர்ந்திருந்தமையால். மாமன் சினந்து பேசவில்லை. “பையில் பூச்சி இல்லையென்றால் வயலிலும் இல்லையென்று நீதானே சொன்னாய், மாப்பிள்ளை? அதை நம்பிப் பயிரைப் பிரித்துப் பார்க்காமல் இருந்துவிட்டேன்” என்றார். பொறி பயிரின் நுனிக்கு ஏறக்குறைய ஓரடி மேலே நிற்க வேண்டும், பயிர் வளர வளர அதனையும் உயர்த்த வேண்டும் என்பதை யாம் அவருக்குச் சொல்லவில்லை. அதன் காரணம் எமக்கே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லாது விட்டிருக்க மாட்டோம் என்ற எண்ணமே எம்மை நூல்நிலையத்திற்குத் துரத்தியது.

அங்கு முதலில் அறிந்தது பழைய செய்தி. பிரெஞ்சு தேசத்து அறிஞர் ஃபாப்ர் என்பார் பெரிய அந்துப்பூச்சி இனமொன்றின் பெண்ணைக் கம்பிக்கூண்டில் வைத்திருந்தார். அன்றிரவே ஏறத்தாழ 40 ஆண் பூச்சிகள் அவர் வீட்டினுள் புகுந்தன. காற்றுப் புகாத பெட்டியில் பெண்ணை அடைத்தபோது ஒன்றும் வரவில்லை. அம்மணப்பொருள் யாதென்பது 1959-இல் வெளியாயிற்று. ஜெர்மானிய வேதிநூலார் புட்டனாண்ட் ஏறக்குறைய 5,00,000 பெண் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு அதனைப் பிரித்தெடுத்தார். இத்தகைய பொருள்களுக்கு ஃபெரமோன் என்னும் பெயரும் அவ்வாண்டிலேயே இடப்பட்டது. நெற்குருத்துப்பூச்சியின் மணம் ஒரு பொருளன்று. இரண்டு பொருள்களை மூன்றுக்கு ஒன்று என்னும் அளவிற் கலந்தது.

மணம் உண்டு, சரி. அதன் பிறப்பிடத்தை ஆண் பூச்சி அடைவது எங்ஙனம்? அருகே செல்லச் செல்ல மணம் மிகும், அதனை அளந்தே செல்கின்றது என்று யாம் எண்ணியிருந்தோம். அது பிழை. பாகு மணத்தைப்போல் இதுவும் காற்றிற் கிழிந்து இழையிழையாகவே செல்வது. நெடுந்தூரத்தில் அதன் ஏற்றத்தாழ்வு வழிகாட்டாது. மணம் பட்டவுடன் காற்றை எதிர்த்துப் பறப்பதே பூச்சி கொள்ளும் வழி.

இங்கொரு சிக்கல். நிலத்தில் நிற்கும் நமக்குக் காற்றின் திசை முகத்திற் படும். பறக்கும் பூச்சியோ காற்றோடு சேர்ந்தே அடித்துச் செல்லப்படுவது. வெள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீந்துவோனுக்குத் தான் கரையை நோக்கி எந்தப்பக்கம் இழுக்கப்படுகின்றான் என்பது தெரியாதன்றோ? கண்ணைத் திறந்து கரைமரத்தைப் பார்த்தாலன்றோ தெரியும்? பூச்சிக்கும் அதே நிலை. இதனை ஆய்ந்து காட்டியவர் ஆங்கில அறிஞர் ஜே. எஸ். கென்னடி. அதற்கு அவர் கையாண்ட கருவியே காற்றுச் சுரங்கம்.

காற்றுச் சுரங்கம் என்பது மலையைக் குடைந்ததன்று. ஆள் நீளத்திற்கு மேற்பட்ட ஒரு கண்ணாடிக் கூடமே. ஒரு முனையில் விசிறி. அதனை அடுத்துத் தேனடைபோன்ற தடுப்பு. விசிறிக் காற்றின் சுழல்கள் அத்தடுப்பில் அடங்கி, மெல்லிய சீரான ஓட்டமாய் வெளிப்படும். காற்று வரும் முனையில் மணப்பொருளை வைத்து, மறுமுனையில் பூச்சியை விடுவர். மணம் கலந்த காற்று அறையிற் பரவினால் அடுத்த சோதனை கெடுமாதலால் அதனைக் குழாய் வழியே வெளியேற்றுவர். தரையில் பட்டைபட்டையாய்க் கோடுகள் தீட்டி, அத்தரையை முன்னும் பின்னும் நகர்த்த வகை செய்திருப்பர். சூழ்ச்சி முழுதும் இத்தரையில்தான் உள்ளது.

கென்னடி முதலில், 1940-இல் வெளியான தம் ஆராய்ச்சியில், ஏடிஸ் கொசுக்களை இவ்வாறு பறக்கவிட்டார். பின்னர் 1974-இல் மார்ஷ் என்பாருடன் சேர்ந்து அந்துப்பூச்சியை ஆய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட இனத்திற்கு ஆங்கிலத்தில் இந்திய மாவுப்பூச்சி என்று பெயர். நம் நாட்டதென்று எவரும் மகிழ வேண்டா! அமெரிக்காவில் மக்காச்சோள மாவை இந்திய மாவென்று வழங்கிய வழக்கால் வந்த பெயர் அது. தரையின் கோடுகள் பூச்சி செல்லும் பக்கமே முன்னோக்கி நகர்ந்தால், காற்று தன்னைப் பின்தள்ளுகின்றதென்று கருதி அது விரைந்து பறக்கும். கோடுகள் பின்னோக்கி ஓடினால், தான் மிக விரைவதாகக் கருதி வேகத்தைக் குறைக்கும். காற்று மாறவில்லை, மணமும் மாறவில்லை, கண்ணிற் பட்டது மட்டுமே மாறியது. ஆகவே, மூக்கு ‘செல்’ என்று ஏவ, கண்ணே வழியைக் காட்டுகின்றது. அதற்கு மங்கிய ஒளியே போதும்.

மணம் திடீரென அற்றுப்போனால் என் செய்யும்? முன்னேறுவதை விட்டுக் காற்றுக்குக் குறுக்காக இடமும் வலமும் அகன்று அகன்று பறந்து தேடும். ஓர் இழை மீண்டும் தட்டுப்பட்டால் உடனே காற்றை எதிர்த்துப் பாயும். இதனினும் வியப்பொன்று உண்டு. சுரங்கம் முழுதும் மணத்தை இடைவெளியின்றி நிரப்பினால் பூச்சி முன்னேறுவதை நிறுத்திவிடும். மணம் விட்டுவிட்டுத் துடிப்பாய் வருதல் வேண்டும் என்பதை 1994-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. நம்மைக் குழப்பும் கிழிசலே பூச்சிக்கு உதவி.

சுரங்கத்திற் காற்றுக்கு ஒரே திசை. மலையடிவாரத்திலோ நாழிகைக்கொரு திசை. அதனையும் அறிஞர் விட்டாரில்லை. 1983-இல் வெளியான ஆராய்ச்சியில், கென்னடியும் அவர் துணைவரும் திறந்த வெளியில் சோப்புக் குமிழிகளை மிதக்கவிட்டு, மணம் சென்ற தடத்தைக் கண்ணாற் கண்டனர். காற்றுத் திரும்புகையில் பூச்சி மணத்தை இழந்து குறுக்கே அலைந்தது. மணம் மீண்டும் எட்டியபோது அப்பொழுது வீசிய காற்றை எதிர்த்துச் சென்றது.

இனி மாமன் வயலுக்கு வருவோம். அடர்ந்த பயிருக்குள் காற்று ஏறத்தாழ நின்றுவிடுகின்றது. சிறிது அசைந்தாலும் தாள்களுக்கிடையே சுழன்று திசையிழக்கின்றது. அங்குப் புதைந்த குப்பி மணத்தை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அம்மணம் இழையாய்ப் பிரிந்து பயிரின் மேலே பறக்கும் ஆணை எட்டியிராது. பை வெறுமையாயிருந்ததற்குப் பூச்சியின்மை காரணமன்று என்றே கருதுகின்றோம். மேலும், பொறியில் விழுவது ஆண் மட்டுமே. இலைநுனியிற் குவியலாய் முட்டையிடுவது பெண். ஆகவே நேரிய பொறியும் முன்னறிவிப்பேயன்றி முழுக்காவல் அன்று. சதுரமீட்டருக்கு 2 முட்டைக்குவியல் கண்டாலோ, நூற்றுக்குப் பத்துக் குருத்துக் காய்ந்தாலோ மருந்தை எண்ண வேண்டும் என்பது வேளாண் துறையார் கொள்ளும் அளவு. அதற்கு வயலில் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்வளவையும் கடிதத்தில் எழுதினோம். மாமன் விடையாக ஒன்றும் எழுதவில்லை. அடுத்த விடுமுறையிற் சென்றபோது, ஒவ்வொரு பொறிக்கும் நெடிய மூங்கில் நட்டு, அதில் சாண் இடைவெளியில் துளையிட்டு, பயிர் உயரப் பொறியையும் உயர்த்தி ஆணி செருக வழி செய்திருந்தார். திண்ணைச் சுவரின் நாட்காட்டியில் நாள்தோறும் பையில் விழுந்த பூச்சியின் எண்ணிக்கை ஒரு பக்கமும், வரப்பில் இறங்கிக் கண்ட முட்டைக்குவியலின் எண்ணிக்கை மறுபக்கமும் கரிக்கோட்டால் எழுதப்பட்டிருந்தன.